பதினோரு மீட்டர் கயிறு

இறுதி ஆட்டத்தன்று காலை ஏழு மணிக்கு மைதானக்காரருக்கு ஒரு புது டேப் வந்து சேர்ந்தது. மூன்று வருடங்களுக்கு முன் எழுதிக் கேட்டது. முப்பது மீட்டர் நீளம், இரும்புப் பட்டை, மஞ்சள் உறை. கொண்டுவந்த அலுவலக உதவியாளர் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பத்திரமா வச்சுக்குங்க, அடுத்தது எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையில் புது டேப் இருந்தால் யாருக்கும் எதையாவது அளக்கத் தோன்றும். கொட்டகைக் கதவை அளந்தார். கோடு போடும் வண்டியை அளந்தார். தன் வயிற்றை அளந்துவிட்டு, அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். பிறகு வெளியே போய் பெனால்டி புள்ளியை அளந்தார். கோல் கோட்டிலிருந்து பதினோரு மீட்டர் இருக்க வேண்டும். பத்து மீட்டர் அறுபத்தைந்து சென்டிமீட்டர் இருந்தது.

டேப்பில்தான் கோளாறு என்று நினைத்தார். மறுபடி அளந்தார். எதிர் முனைக்கு நடந்துபோய் அந்தப் புள்ளியையும் அளந்தார். அதுவும் பத்து அறுபத்தைந்து. தப்பிலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததில் அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கயிறு நினைவுக்கு வந்தது.

மற்றக் கோடுகளுக்கெல்லாம் மூலைக்கு மூலை மண்ணுக்குள் ஆணி புதைத்திருந்தது. புள்ளிக்கு மட்டும் கயிறு. அவருக்கு முன்பு வேலை பார்த்தவர் பதினோரு மீட்டருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போன கயிறு. நாலு வருடங்களுக்கு முன் எலி கடித்து அது நடுவில் இரண்டாகிவிட்டது. மைதானக்காரர் அதைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். யானை இழுத்தாலும் அவிழாத முடிச்சு. முடிச்சுக்குள் கொஞ்சம் கயிறு போய்விடும் என்பது மட்டும் அவர் மண்டைக்கு எட்டவில்லை. இதற்கு நடுவில் ஒருமுறை மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்து, புள்ளியை அளக்க வேண்டும், ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். இவர் கயிற்றைக் கொடுத்தார். அதிகாரி அளந்து பார்த்தார். மிகச் சரியாக இருந்தது.

நாலு பக்கத்து நாடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைக்காக அடித்துக்கொள்ளும் போட்டி இது. அந்த மாதத்தில் நாலு நாட்டிலும் மழை. தண்ணீர் வடிகிற மைதானம் இங்கே மட்டும்தான் இருந்ததால் போட்டி எப்போதும் இங்கேயே நடந்தது. போன தடவை இறுதி ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கத்து நாட்டுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். அன்று கோலில் நின்றது மைதானக்காரரின் மச்சான், மனைவியின் தம்பி.

அதற்குப் பிறகு அவனுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தார்கள். முடிவெட்டுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். பேசி முடித்திருந்த பெண் வீட்டார், ஒரு பந்தைப் பிடிக்க முடியாதவன் குடும்பத்தை எப்படிப் பிடிப்பான் என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். அவன் அக்கா அன்றிலிருந்து டி.வி. போடுவதில்லை. மைதானத்துக்குப் பின்னாலிருந்த குடியிருப்பில் அவர்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இரண்டு வருடமாக மச்சான் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அரையிறுதியில் முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்துபோக, இன்று மறுபடி அவன்தான்.

முப்பத்தைந்து சென்டிமீட்டர். கோல்கீப்பருக்கு அது ஒரு விரல் நுனி. அந்த நுனியை மச்சானிடமிருந்து பிடுங்கியது தன் முடிச்சு என்று மைதானக்காரருக்கு இப்போது புரிந்தது. வெளியே சொன்னால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். சொல்லாவிட்டால் அவன் சாகும்வரை சல்லடை. கொட்டகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

வெள்ளை பூசிய புல்லை வட்டமாக வெட்டி எடுத்தார். ஸ்கோர் பலகைக்குப் பின்னாலிருந்து அதே அளவுக்குப் பச்சைப் புல்லை மண்ணோடு பெயர்த்துவந்து வைத்து மிதித்தார். டேப்பை நீட்டிப் பதினோரு மீட்டரில் புதுப் புள்ளி வைத்தார். இரண்டு முனையிலும் செய்து முடிக்கப் பத்து மணி ஆனது. பழைய புள்ளியை வைத்துப் போட்டதால் பெட்டிக்கு வெளியே இருக்கும் வளைவும் தப்பாகத்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. வளைவால் கல்யாணம் நின்றுபோனவர்கள் யாரும் இல்லை.

ஆட்டத்துக்கு முன் ஒரு கோல்கீப்பரிடம் போய் இதைச் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடுவோம் என்று கோலுக்குப் பக்கவாட்டில், தண்ணீர்க் குழாய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். எதிரில் அதே பக்கத்து நாடு. முப்பதாவது நிமிடத்தில் மச்சானின் அணி ஒரு கோல் போட்டது. எண்பத்தாறாவது நிமிடத்தில் நடுவர் விசிலை ஊதிப் புள்ளியைக் காட்டினார்.

மைதானக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மச்சான் பந்தை விட்டால் அவன் கதை இன்றோடு முடிந்தது. தடுத்துவிட்டால், சரியான தூரத்திலிருந்து அடித்தால் அவனால் தடுக்க முடியும், அன்று தோற்கடித்தது கயிறுதான் என்று ஆகிவிடும். எது நடந்தாலும் உதை தனக்குத்தான் என்று தெரிந்தும், தடுக்க வேண்டும், தடுக்க வேண்டும் என்றே அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பக்கத்து நாட்டுக் கேப்டன் ஓடிவந்து அடித்தார். மச்சான் வலது பக்கம் சாய்ந்தான். பந்து அவன் முட்டியில் மோதி வெளியே போனது. அரங்கமே எழுந்து நின்றது. சல்லடை என்று பெயர் வைத்த அதே வாய்கள் சிங்கம் என்று கத்தின.

கோப்பை கொடுத்து, படம் பிடித்து, பேட்டி எடுத்து முடியும்வரை காத்திருந்து, மைதானக்காரர் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ என்னை என்ன வேணா பண்ணு."

கயிற்றை எடுத்து முடிச்சைக் காட்டினார். எலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். "முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்டா. ரெண்டு வருஷமா நீ வாங்கின பேச்சு அத்தனையும் நான் வாங்க வேண்டியது. நாளைக்கே மேலாளர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன். பேப்பர்ல வரட்டும். உன் பேர் சுத்தமாகட்டும்."

மச்சான் பெயின்ட் டின் மேல் உட்கார்ந்தான். முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அத்தான், அன்னைக்கு அவன் எந்தப் பக்கம் அடிச்சான்?"

"இடது பக்கம். ஏன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிட்டேன்."

மைதானக்காரர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"பயம் அத்தான். நீங்க புள்ளியை நம்ம வீட்டு வாசல்ல வச்சிருந்தாலும் அது உள்ளதான் போயிருக்கும். இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல. உங்க கயிறுமேல பழி போட்டா எனக்கு அப்புறம் தூக்கம் வராது. எழுதியெல்லாம் குடுக்காதீங்க."

மைதானக்காரர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். காலையில் அழுதது போதாதென்று மறுபடி அழுதார். "போகட்டும் விடு. இன்னைக்குத் தைரியமாக் கண்ணைத் திறந்து நின்னு தடுத்துட்டியே, அது போதும்."

மச்சான் தன் முட்டியைத் தடவிக்கொண்டான்.

"முட்டியில பட்டப்புறம்தான் அத்தான் திறந்தேன்."

கதவு படாரென்று திறந்தது. அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். சமையலறை ஜன்னல் வழியாக முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு வருடமாகியிருந்தது.

"என்ன நெஞ்சழுத்தம்டா உனக்கு! அவன் ஓடி வரான், நீ கண் இமைக்காம அவனையே பார்த்துட்டு நிக்கற!"

மைதானக்காரர் கயிற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"ஆமாக்கா" என்றான் மச்சான்.

"நானும் பார்த்தேன், இமைக்கவே இல்லை" என்றார் மைதானக்காரர்.