எல்லாப் பேஞ்சோவும்

கிணறு இடிந்து விழுந்தபோது கிளாரி உள்ளேதான் இருந்தான். இரண்டாள் ஆழம்கூட இராது. ஆனால் டார்லிங் ஆற்றுக்கு மேற்கே இருக்கிற பாழாய்ப்போன செம்மணல், வாரவாரச் சரிகிற ரகம். முட்டுக்கொடுத்த பலகைகள் சாய்ந்து தலைக்கு மேல் கூரைபோல் நின்றுவிட்டதால் உயிர் இருந்தது. உள்ளேயிருந்து பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மாவிஸ் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்து அதைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை நின்றது.

கூட்டாளி பெர்ஸிடம் இருந்தது ஒரே மண்வாரி. இன்னொன்று கிளாரியோடு புதைந்து கிடந்தது. நேரே தோண்டினால் பலகை முறிந்து நசுங்கிப்போவான். சுற்றிலும் மணலை வாரி அகலப்படுத்தித்தான் இறங்க வேண்டும். அதற்கு நிறைய ஆள் வேண்டும், ஆளுக்கொரு மண்வாரி வேண்டும். நல்லவேளையாக, கம்பிவேலிக்கு அப்பால் எட்டத்தில் தபால்காரன் டன்ஸ்டன், ஆட்டுக் கம்பளி கத்தரிக்கிற கொட்டகை இருக்கிற திசையில் குதிரையில் போனான். பெர்ஸ் கையைக் குவித்துக் கத்தினான்.

"கொட்டகைப் பக்கம்தானே போற? எல்லாரையும் கெணத்துக்கு வரச் சொல்லு! இருக்கிற பேஞ்சோ எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லு!"

காற்று எதிராக அடித்தது. டன்ஸ்டன் தொப்பியை ஆட்டினான், சிரித்தான், குதிரையைத் தட்டிவிட்டான்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு மண்வாரி என்றால் பேஞ்சோதான். வட்ட முகம், நீளக் கழுத்து. பேஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தின் பேரை எந்தப் புண்ணியவான் அதற்கு வைத்தானோ, பெர்ஸ் வாயில் வேறு பேரே வராது. கல்யாணமான ஒரு வருஷத்தில் மாவிஸுக்கும் அது பழகிவிட்டது. அதனால்தான் அவளுக்கும் உடனே உறைக்கவில்லை.

ரொட்டி சுடும் தட்டால் வெகுநேரமாக மணலை வாரிக்கொண்டிருந்தாள். டன்ஸ்டன் ஏன் சிரித்தான் என்ற நினைப்பு வந்து வந்து போயிற்று. ஆபத்துக்கு ஆள் கேட்டால் எவனாவது சிரிப்பானா? திடீரென்று அவள் கை நின்றது.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகைச் சமையலறையில்தான் அவள் பாத்திரம் தேய்த்தாள். ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கிற ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் பேஞ்சோ போடச் சொல்லித் தட்டை நீட்டுவார்கள். அவர்களுக்கு அது ஆட்டின் முன்சப்பைக் கறி. அது போதாதென்று நெட்டை வில்ஃப் நிஜ வாத்தியமே வைத்திருந்தான். இன்றைக்கோ கடைசி ஆட்டையும் கத்தரித்து முடிக்கிற நாள். கறியும் பாட்டும் எப்போது என்று காத்திருப்பார்கள். அவர்களிடம் போய்ப் பேஞ்சோவைக் கொண்டுவா என்றால் என்ன கொண்டுவருவார்கள்?

"பெர்ஸ், அங்க பேஞ்சோன்னா கறி."

பெர்ஸ் நிமிர்ந்தான். "கறியா? அப்ப மண்வாரிய என்னன்னு சொல்லுவாங்க?"

"மண்வாரின்னு சொல்லுவாங்க, படுபாவி."

பெர்ஸ் மறுபடி குனிந்து மணலை வாரினான். மாவிஸ் கொட்டகைக்கு ஓடக் கிளம்பினாள். வேலியைத் தாண்டுவதற்குள் தூரத்தில் புழுதி தெரிந்தது. வண்டிதான். ஒருவேளை புரிந்திருக்குமோ? டன்ஸ்டன் அவ்வளவு மடையன் இல்லையே, பெர்ஸ் கத்தின குரலிலேயே தெரிந்திருக்காதா? கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடிவந்து மண்ணில் காதை வைத்தாள். தட்டுகிற சத்தம் மெதுவாக, விட்டுவிட்டுக் கேட்டது.

"வந்துட்டாங்க கிளாரி. இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று மண்ணுக்குச் சொன்னாள்.

அப்போது பாட்டு கேட்டது.

வண்டி நிறைய ஆட்கள், வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக. நடுவில் ஒரு அண்டா, அது நிறைய வறுத்த முன்சப்பை. வில்ஃப் மடியில் வாத்தியம். மாவிஸ் கத்தியது அந்தக் கும்மாளத்தில் யார் காதிலும் விழவில்லை. வரவேற்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் கையாட்டினார்கள். கிட்டே வந்து, குழிக்குள் பெர்ஸைப் பார்த்த பிறகுதான் பாட்டு அறுந்தது. மண்வாரி எங்கே என்று அவள் கேட்டாள்.

"பேஞ்சோன்னுதானே சொன்னான்" என்றான் வில்ஃப்.

அதற்குமேல் ஒருத்தரும் நின்று பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒருவன் வண்டிக் குதிரையை அவிழ்த்து மண்வாரிக்காகக் கொட்டகைக்குப் பறந்தான். மற்றவர்கள் கறியைப் புழுதியில் கொட்டிவிட்டு அண்டாவால் வாரினார்கள், வண்டிப் பலகையைப் பிடுங்கி வாரினார்கள். வில்ஃப் தந்திகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, வாத்தியத்தின் கழுத்தைப் பிடித்து அதனாலேயே தோண்டினான். அதன் முகத்தில் போர்த்திய தோல் கிழிந்த பிறகும் தோண்டினான். மண்வாரிகள் வந்து சேர்ந்தபோது பாதி மணல் அப்படியே இருந்தது.

பலகையைத் தூக்கியதும் மாவிஸ்தான் முதலில் உள்ளே கையை விட்டாள். கிளாரியின் கை அகப்பட்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினாள். விரலை மாற்றி மாற்றி வைத்துத் தேடினாள். பெர்ஸ் அவள் தோளைத் தொட்டுப் போதும் என்றான்.

"கை சூடா இருக்கே, பெர்ஸ்" என்றாள் மாவிஸ். "இப்பத்தானே போயிருக்கான்."