சனிக்கிழமை மாலைத் தேர்வு

அபாய மணி அலறியது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் யாரோ அமிலப் புட்டியைப் போட்டு உடைத்திருந்தார்கள். அப்போதுதான் கணிதத் தேர்வை முடித்திருந்த மாணவர்கள், கேள்வித்தாளும் கையுமாக மைதானத்துக்கு ஓடினார்கள்.

அவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த தேர்வு அதிகாரி திடுக்கிட்டார். கறார் பேர்வழி, மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பூட்டு’. மாடிக் கோடி அறையில் ஒருத்தி இருக்கிறாளே!

சனிக்கிழமை சூரியன் மறையும்வரை படிப்பதும் எழுதுவதும் அவள் மதத்தில் கூடாது. அரசுக் கல்லூரிக்கு மனுப் போட்டு, அதே தேர்வை மாலையில் எழுத அனுமதி வாங்கியிருந்தாள். அதுவரை யாரோடும் கலக்காமல் தனியறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

காலையில் உட்காரவைத்தவர் பூட்டுதான். “சாமி பேரைச் சொல்லி அரை நாள் கூடுதலா வாங்கிட்டே. கெட்டிக்காரிதான்! வெளிய காலெடுத்து வெச்சே, தேர்வு கேன்சல். ஒரு வருஷம் போச்சு, தெரிஞ்சுக்கோ.”

படிகளைத் தாவி ஏறினார். நடையெங்கும் நெடி. காவலுக்கு வைத்த ஆளும் மணி கேட்டு ஓடியிருந்தார். திறந்த கதவுக்குப் பின்னால், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, மணி காதுல விழலையா?”

“விழுந்துச்சு சார். நீங்கதானே வெளிய வரக் கூடாதுன்னீங்க.”

“அதுக்காக உயிரையா விடுவே? எந்திரி!”

காதுகளை இரு கைகளாலும் பொத்தி, தலை குனிந்து, அவர் பின்னாலேயே கூட்டத்தைக் கடந்தாள். இருமல் வந்தபோது மட்டும் ஒரு கை வாய்க்குப் போனது.

“பூட்டே கதவைத் திறந்துடுச்சுடா!” என்று எவனோ கிண்டலடித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சூரியன் மறைந்தது. முதல்வர் அவரைத் தனியே அழைத்தார். “கூட்டத்துக்குள்ள வந்திருக்கா. எழுத விடலாமா?”

“யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை சார். கூடவே நடந்தேன். நான் பொறுப்பு.”

திரும்பிவந்து உறையைப் பிரித்தார். கேள்வித்தாளை அவள் முன் வைத்தார். “இனி ஒரு சிக்கலும் இல்ல. தைரியமா எழுதும்மா.”

அவள் தாளைத் தொடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“மன்னிச்சுடுங்க சார். நான் இருமினப்போ, மூணாவது கேள்வி என்னன்னு காதுல விழுந்துருச்சு.”