சாக்பீஸ் கோடு

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். சொந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரிதான் வந்து போவார். நான் முன்னறையில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைக்கிறேன். பேச்சுத்துணை என்றால் துரை ஒருவன்தான். துரை எங்கள் நாய். யார் வந்தாலும் எழுந்திருக்காமல் மிஷினுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருப்பான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவனைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"குழந்தை வர்றதுக்கு முன்னாடியே பழக்கிடுங்கம்மா. அழுகைச் சத்தம் கேட்டா ஏதோ நல்லது நடக்கும்னு அவனுக்குத் தோணணும். இதுக்கு மேல வரக்கூடாதுன்னு ஒரு எல்லை வைங்க. எவ்வளவு பழகினாலும் ரெண்டு பேரையும் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

வெட்டுத்துணியைத் திணித்து ஒரு பொம்மை தைத்துத் தொட்டிலில் போட்டேன். துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸாலேயே படுக்கையறை வாசலில் ஒரு கோடு கிழித்தேன். போனில் குழந்தை அழுகிற சத்தத்தைப் போடுவேன். துரை ஓடிவந்து கோட்டில் உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட். தாண்டினால் கிடையாது. நாள் போகப்போக, நான் பொம்மையிடமே பேச ஆரம்பித்திருந்தேன். நாயைப் பழக்குகிறேன் என்று பேர்தான். வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

குழந்தை பிறந்தபோது அவர் வந்தார், பார்த்தார், அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார். ஒத்தாசைக்கு அவருடைய அக்கா வந்தார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று குழந்தையை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, நான் மட்டும் வெறுங்கையோடு முதலில் உள்ளே போய்த் துரையைத் தடவிக்கொடுத்தேன். பிறகுதான் குழந்தை வந்தது. துரை கோட்டில் உட்கார்ந்து மூக்கை மட்டும் நீட்டினான்.

அண்ணிக்குத் தரையில் ஒரு தூசி இருக்கக்கூடாது. அந்தக் கோடு எதற்கென்று நானும் அவரிடம் சொல்லித் தொலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் குளிக்கப் போனபோது, வாசலை அழுத்தித் துடைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. துரை ஓடிவந்தான். கோட்டைக் காணோம். எங்கே நிற்பதென்று தெரியாமல் தொட்டில் வரைக்கும் போய்விட்டான், வாயில் எச்சில் ஒழுக.

அண்ணி போட்ட கூச்சலில் ஈரத்தலையோடு ஓடிவந்தேன். அதற்குள் துடைப்பத்தால் இரண்டு போட்டு அவனைக் கொல்லைப்புறத்தில் கட்டி, தம்பிக்குப் போனும் போட்டுவிட்டார். நாளைக்கு என் கணவருக்குத் தெரிந்த குடோன்காரர் ஒருவர் வந்து, காவலுக்கென்று நாயைக் கூட்டிக்கொண்டு போவார் என்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. துரையும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"அண்ணி, அவன் கடிக்க வரல. பிஸ்கட்டுக்கு வந்தான்."

"வாயைத் தொறந்துக்கிட்டு புள்ளை மேல வர்றான், எதுக்கு வர்றான்னு விசாரிச்சுக்கிட்டா நிப்பாங்க?"

அதுவும் நியாயம்தான். சண்டை போடவில்லை. மறுபடி கோடு கிழித்து, பொம்மையைத் தொட்டிலில் போட்டேன். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேலேறி, காலையும் மடக்கிக்கொண்டார். துரையின் சங்கிலியைக் கையில் பிடித்தபடி போனில் அழுகையைப் போட்டேன்.

துரை என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தான். கோட்டைப் பார்த்ததும் டக்கென்று உட்கார்ந்தான். தொட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை. அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடப்பாவி, என் தம்பியே இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதில்லையே!" உடனே முகம் மாறி, "ஆனா சாக்பீஸை நம்பிப் புள்ளையை விடாதே. ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு தடுப்புக் கதவு போடு. அப்புறம் நான் தம்பிகிட்டப் பேசிக்கிறேன்" என்றார்.

ஆசாரி வந்து கோட்டுக்கு உள்பக்கம் இடுப்பளவில் கதவு போட்டுக்கொடுத்தார். அண்ணியும் தம்பியிடம் பேசி, குடோன்காரரை வரவேண்டாமென்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

நேற்று மத்தியானம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் படுக்கையறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் போன் பண்ணினார். இன்னொரு லோடு கிடைத்திருக்கிறதாம், இந்த மாதம் வர முடியாதாம். சரி என்று வைத்துவிட்டேன். வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்று வாய்விட்டே அழுதேன்.

மிஷினுக்கு அடியிலிருந்து துரை ஓடிவந்து, கதவுக்கு வெளியே கோட்டில் உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை எடுத்தேன். காலி. கவிழ்த்தும் காட்டினேன்.

"தீந்துபோச்சுடா. போ."

அவன் போகவில்லை.