ஆர்க்கிட்டுக்கு முடிவெட்டு

பால்கனியில் மனைவி போட்ட சத்தத்தில், முடிதிருத்துபவர் சமையலறைக் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"தொட்டிக்கு வெளியில தாடி மாதிரி தொங்கிச்சு. பார்க்கச் சகிக்கல. லேசா டிரிம் பண்ணேன்."

"அது தாடி இல்ல, வேர்! காத்துலேருந்து ஈரம் குடிக்கிற வேர்! காலமெல்லாம் கத்தரி பிடிச்ச கை சும்மா இருக்குமா?"

சலூனை விற்றுவிட்டு இந்த அடுக்குமாடிக்கு வந்தபோது, அங்கிருந்து கூடவே வந்த ஒரே உயிர் அந்த ஆர்க்கிட்தான். சலூன் ஜன்னலோரம், வெந்நீர்த் துண்டுகளின் ஆவியில் அது பாட்டுக்குச் செழித்தது. பூத்துவிட்டால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவரிடம் திட்டு வாங்குவார்கள். மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி, மொட்டுகளை எண்ணிவிட்டுத்தான் டிபன் கேரியரையே திறப்பாள். இங்கு வந்ததிலிருந்து அது வாடிக்கொண்டே வந்தது. இதுவும் போய்விட்டால்?

இருவரும் செடிக்கடைக்குப் போனார்கள்.

"மண்ணே ஆகாதுக்கா," என்றாள் கடைக்காரப் பெண். "மரப்பட்டைத் துண்டு, அடுப்புக்கரி, வேர் வெளியில தெரியுற ஓட்டைத் தொட்டி. அப்புறம் தண்ணி தெளிக்க ஸ்பிரே பாட்டில், அழுகினதை வெட்ட நல்ல கத்தரி, அதைத் துடைக்க ஸ்பிரிட், தண்டைக் குச்சியோட சேர்த்துப் பிடிக்க கிளிப்."

அவர் முகம் மலர்ந்தது. "பட்டையும் கரியும் தொட்டியும் போதும்மா. மிச்சமெல்லாம் வீட்டுல இருக்கு."

தூக்கிப் போடுங்கள் என்று மனைவி நச்சரித்துக்கொண்டிருந்த சலூன் பெட்டி, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. மூடியைத் திறந்ததும் பவுடர் வாசனை.

கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தவர், அதை அவளிடம் நீட்டினார். "நீயே வெட்டிடு. எனக்குப் பயமா இருக்கு."

"நான் பிடிச்சுக்கறேன். நான் காட்டுறதை மட்டும் வெட்டுங்க."

சலூனில் முடிவெட்டும்போது அழும் குழந்தைகளின் தலையை அன்று எப்படிப் பிடிப்பாளோ, அப்படியே இலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நசநசத்துப்போன வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். நடுவில் பச்சைப் பட்டாணி நிறத்தில் புதிதாக ஒரு வேர்நுனி!

"இதைத் தொட்டீங்க, தொலைச்சுடுவேன்!" என்றாள். குரல் உடைந்திருந்தது.

மறுநாள், சலூன் திறக்கும் நேரத்துக்கே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. ஸ்பிரே பாட்டிலோடு பால்கனியில் நின்றார்.

"என்ன முதலாளி, கூட்டம் அதிகமோ?" காபியோடு வந்தாள் மனைவி.

"ஒரே ஒரு கஸ்டமர்தான். அதுக்கும் தண்ணி மட்டும் தெளிக்கணுமாம், கத்தரி வைக்கக் கூடாதாம். வீட்டம்மா உத்தரவு."