வாழ்த்தச் சொன்னார்கள்

என் உள்ளங்கைக்குக் கீழே குழந்தையின் மொட்டைத்தலை, பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை, இளஞ்சூடாக இருக்கிறது, நல்லா வாழ்த்துங்கம்மா, உங்க வாக்கு பலிக்கும்னு சொல்வாங்க என்கிறார் எம்.எல்.ஏ., தன் பேரனை இரண்டு கைகளாலும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, போன ஆடியில் இதே கை இப்படி ஒரு தலையைத் தொட்டது, அது குளிர்ந்திருந்தது, அது என் மகள் தமயந்தியின் தலை. பெற்ற மகளா என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிடுவேன், வீட்டில் அடித்துத் துரத்திவிட, பேருந்து நிலையத்தில் நின்றவளை எங்கள் வழக்கப்படி மடியில் உட்காரவைத்து மகளாக்கிக்கொண்டேன், திருநங்கைக்குத் திருநங்கைதானே தாய், இடுப்பைத் தாண்டிய கூந்தல் அவளுக்கு, சவுரி என்று யாராவது சொன்னால் இழுத்துப் பாருங்கடி என்று சண்டைக்கு நிற்பாள், சீயக்காய் தேய்க்க என்னைத்தான் கூப்பிடுவாள், அம்மா மெதுவா, கண்ணு எரியுது, இதோ இப்போதும் கூப்பிடுகிறாள், நான் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறேன், ஊற்ற ஊற்ற முடி கரைந்து போகிறது, கீழே சிமெண்ட் தரை, பிணவறைத் தரை, சாலையைக் கடந்தவளை லாரி மோதிவிட்டது, ஊழியர் கேட்கிறார், நீ யாரு அவனுக்கு, அம்மா சார், ரத்த சொந்தமா, இல்ல சார், அப்ப தள்ளி நில்லு. அத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத அண்ணன் வந்தான், கையெழுத்துப் போட்டான், முடியை ஒட்ட வெட்டவைத்தான், வளையலைக் கழற்றி வேட்டியைச் சுற்றினான், அவள் விட்டொழித்த பெயரைச் சொல்லி அழுதான், அந்தப் பெயரை நான் சொல்லமாட்டேன். ஊர்ல நாலு பேர் பாப்பாங்க, ஆம்பளப் புள்ளையாவே அனுப்பிடுறோம், நீ வந்துடாத என்றான். வண்டியில் ஏற்றும்போது ஒரு தடவை தலையைத் தொட்டுக்கொண்டேன், எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அண்ணன் மேல்கூட இல்லை, என்னைத் தள்ளி நிறுத்த அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, நிற்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அதைத்தான் இந்த எம்.எல்.ஏ.விடம் கேட்க வந்தேன், ஐயா, நாங்க யாரச் சொந்தம்னு சொல்றோமோ அவங்கதான் சொந்தம்னு சட்டத்துல வரணும், எப்படி வாழ்ந்தோமோ அப்படியே எங்கள அனுப்பணும், சட்டசபையில நீங்க பேசணும். பாவம்தான், ஆனா இதப் பேசினா ஊர்ல ஓட்டு போயிடும்மா, மேலிடம் என்ன சொல்லுதுன்னு பாப்போம் என்றார், உடனே முகம் மலர்ந்து, அது கிடக்கட்டும், பேரனுக்கு இன்னிக்குத்தான் மொட்டை போட்டோம், நல்ல நேரத்துல வந்திருக்கீங்க என்று உள்ளே குரல் கொடுத்தார்.

குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறது, இதன்மேல் எனக்கென்ன கோபம், தலையை வருடி மனசாரச் சொல்கிறேன், சாமி, நீ ஆணா வளந்தாலும் பொண்ணா வளந்தாலும், என்ன மாதிரியே வளந்தாலும், உன்ன யாரும் வாசல விட்டுத் துரத்தாம இருக்கணும். எம்.எல்.ஏ. வெடுக்கென்று பேரனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார், என்ன நீ, பச்சப்புள்ளைக்குச் சாபம் விடுற. இல்லீங்கய்யா, எனக்குத் தெரிஞ்ச பெரிய வாழ்த்தே இதுதான் என்கிறேன், அவர் கேட்கவில்லை, முந்தானையால் குழந்தையின் தலையைத் துடைக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிடுகிறார்.