உங்க பாடு முடிஞ்சதும்

அனிதாவுக்குப் படிப்பு இருந்தது, வேலை இருந்தது, வெள்ளைக் கோட்டும் இருந்தது. ஒரே ஒரு வரியை வாய்விட்டுப் படிக்கிற தைரியம்தான் இல்லாமல் போயிற்று.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், இறந்தவர்களின் மூளையில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பட்டியலில் ஏற்றுவது அவள் வேலை. கைநடுக்க நோயில் இறந்தவரின் மூளை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், ஏரிக்கரையில் அவள் சொந்த ஊரான தோணிரேவில், அவள் தெருக்காரரான செங்கல்வராயன் அதே நோயால் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மூளை தானத்துக்கான சம்மதப் படிவத்தோடு ஓடினாள் மகராசி.

அதில் மூன்றாவது வரி, 'திருப்பித் தர இயலாது' என்றது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படித்துக் காட்டினாள். எல்லாம் கேட்ட பிறகு, அவர் மனைவி முத்தம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க பாடு முடிஞ்சதும் குடுத்துடுவீங்க இல்ல?"

ஏரியில் வலை போட முறைவைத்து இடம் விடுவதைப் பாடு என்பார்கள். ஒருவர் பாடு முடிந்தால் இடம் அடுத்தவர் கைக்கு வந்தே தீரும். மூளையையும் அப்படித்தான் நினைத்துவிட்டாள் அந்த அம்மாள். உண்மையைச் சொன்னால் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் அனிதா தலையாட்டினாள். முத்தம்மாள் கைநாட்டு வைத்தாள்.

வருஷம் திரும்பியது. நினைவுநாளுக்கு வந்தவளை முத்தம்மாள் நேரே இடுகாட்டுக்கு அழைத்துப்போனாள். சமாதிக்குச் சிமெண்ட் பூசியிருந்தது. தலைமாட்டில் மட்டும் ஒரு முழத்துக்கு வெறும் மண். கொத்தனார் சாந்துக் கரண்டியோடு காத்திருந்தார்.

"நீ இன்னிக்கு எடுத்துனு வருவன்னு பூசாம வெச்சிருக்கேன்டி. உங்க பாடு இன்னும் முடியலியா?"

அரைத்து, கரைத்து, கருவியில் விட்டு, அவரை நாலாயிரத்துச் சொச்சம் புரதப் பெயர்களாக ஆக்கி மாதக்கணக்கில் ஆகிறது. அந்தப் பட்டியலுக்குக் கைதட்டல் வாங்கியதும் அனிதாதான்.

"முடிஞ்சிபோச்சு அத்தே. அரைச்சிட்டோம். ஒண்ணும் மிச்சமில்ல."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

முத்தம்மாள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"வேற யாரு நீட்டியிருந்தாலும் அந்தக் காயிதத்த நாலு பேராண்ட காட்டிட்டுதான் கை வெச்சிருப்பேன். நம்ம தெரு பொண்ணுன்னு வெச்சேன்."

பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

"தலமாட்டையும் பூசிடு நைனா."