பூங்குழலியின் பெயரில் கை வைத்தவன்

பிரம்மிக்கு வகுப்பில் இருந்த ஐந்து பேர் மீதும் சந்தேகம்தான். ரஞ்சித் மேல் மட்டும் ஒரு பிடி கூடுதல்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு உரக்கடை ஒன்றின் மாடியில் நடக்கிற வகுப்பு அது. சென்னைக் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊரோடு வந்த பிரம்மி, காலேஜ் முடித்துச் சும்மா திரிகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். தகவல்களைத் தன் கம்ப்யூட்டரில் வைக்காமல் எங்கோ இருக்கிற கம்பெனிக்காரன் மெஷினில் வாடகைக்கு வைப்பார்களே, அந்த கிளவுட் டேட்டாபேஸை வைத்து ஆப் கட்டுவது எப்படி, கட்டிய ஆப்பில் கண்டவன் கை வைக்காமல் பூட்டுவது எப்படி என்பதுதான் பாடம். பூட்டுகிற பாடத்தைத்தான் அவள் தொண்டை வறள நடத்துவாள். அப்படிப்பட்ட வகுப்பு கட்டிய முதல் ஆப்பிலேயே ஒருவன் கை வைத்துவிட்டான் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ஆப் தாண்டவராயனுடையது. அமாவாசைக்கு அமாவாசை ஊர் ஊராகச் சுற்றி ஆளேற்றிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு வேன் விடுகிறவர் அவர். இந்தப் பக்கத்துப் பெண்கள் வேனில் சீட் கேட்கும்போது கட்டணத்தைக்கூட அப்புறம்தான் விசாரிப்பார்கள். கூட யார் யார் வருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பிடிக்காத சம்பந்தி வருகிறாள் என்றால் அடுத்த வேனுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் போனில் பேர் படித்துப் படித்து அவருக்கு வாய் வலித்துப்போயிருந்தது. வருகிறவர்களின் பேர், போன் நம்பர், ஏறுகிற இடம், நேரம் எல்லாம் ஆப்பைத் திறந்ததும் யாருக்கும் தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கோயிலுக்குப் போவதில் என்ன ரகசியம் என்று பிரம்மியும் அப்படியே செய்து கொடுத்தாள்.

போன அமாவாசைக்கு மறுநாள் அவர் மாடியேறி வந்தார். ரோடு பிரிகிற தொண்டூர் கூட்ரோட்டில் ஏறுவதற்குப் பூங்குழலி என்ற பேரில் பதிவான சீட்டு, வண்டி கிளம்புகிற நேரத்தில் கமலாம்பாள் என்று மாறியிருந்ததாம், போன் நம்பரும் வேறாம்.

"கமலாம்பாள்னு கூப்ட்டா வயசுப் பொண்ணு ஒண்ணு ஏறுதும்மா. எவனோ உள்ள பூந்து நோண்டுறான். பொம்பளைங்க நம்பரு இருக்குது அதுல. இன்னொரு வாட்டி நடந்துச்சுன்னா இந்த ஆப்பே வேணாம் எனக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆப் போனால் போகட்டும், அடுத்த மாசம் வேறு வேலை வரும். பிரம்மிக்கு உறைத்தது வேறு. அத்தனை பேர் இருக்கிற பட்டியலில் ஒரு பெண்ணின் பேரை மட்டும் ஒருவன் தேடிப் போய்த் தொடுகிறான் என்றால், அவன் அவளைச் சுற்றுகிறவனாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுவதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

யார் மாற்றியது என்று தேடிப் பார்த்தால், 'வகுப்பு' என்று மட்டும் இருந்தது. ஆளுக்கொரு சாவி வேண்டும் என்று வாய் கிழியப் பேசியவளேதான், அவசரத்துக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்துத் தொலைத்திருந்தாள். தன்னைத்தானே நாலு திட்டு திட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு யார் முகமும் நேராகத் தெரியவில்லை. வகுப்பில் அனு என்ற பெண் போனைக் கவிழ்த்து வைத்தால் எதற்குக் கவிழ்க்கிறாள் என்று தோன்றியது. ரஞ்சித் தொண்டூர்க்காரன், விவசாயக் குடும்பம், அதிகம் பேசமாட்டான். அவன் ஒருநாள் தானாக எழுந்து, வேன் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று கேட்டான். இவனுக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, பார்த்தால் என்ன என்று அவன் வாயை அடைத்தாள்.

பயிற்சிக்கு என்று சொல்லி ஆளுக்கொரு சாவி கொடுத்தாள். இனி யார் எதைத் தொட்டாலும் தொட்டவர் பேர் விழும். அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் பூங்குழலி மறுபடியும் கமலாம்பாள் ஆனாள். பக்கத்திலேயே ரஞ்சித்தின் பேர் விழுந்திருந்தது.

பிரம்மிக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால், நாம் நினைத்தது சரியாகப் போயிற்று என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அமாவாசை அன்று மத்தியானம் பேரையும் நம்பரையும் பழையபடி பூங்குழலியுடையதாகத் திருத்தினாள். தன்னைத் தவிர யாரும் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டினாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வரச் சொல்லி அம்மா போனில் அழைத்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஜைனக் குடும்பம், இருட்டிவிட்டால் சாப்பாடு கிடையாது. பிரம்மி போகவில்லை. வகுப்பு முடிந்ததும் ரஞ்சித்தை மட்டும் நிறுத்தி வைத்தாள்.

"யாரு அந்தப் பொண்ணு? எதுக்கு அவ பேர்ல கை வைக்கிற?"

"எங்க அக்கா, மேடம்."

பிரம்மி நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் எவனும் அக்கா, தங்கச்சி என்றுதான் சொல்வான். முழுசாகச் சொல்லு என்றாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். ஊருக்குள் இன்னும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் மாற்றிய புது நம்பரை மாமா வேன் பட்டியலில் பார்த்துத்தான் பிடித்தார். பிடித்த நாளிலிருந்து நிம்மதி இல்லை. வேறு பேரில் பதிவு பண்ணு என்றால் அக்கா கேட்பதில்லை. வேண்டிக்கொண்டு அங்காளம்மனிடம் போகிறவள் சொந்தப் பேரை எதற்கு மறைக்க வேண்டும் என்கிறாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் இவன் அம்மா கமலாம்பாளின் பேரையும் நம்பரையும் போட்டான்.

"புது சாவி குடுத்தப்பவே தெரியும், மாட்டிப்பேன்னு. தெரிஞ்சேதான் மாத்துனேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வூட்டு விசயத்த எப்பிடி மேடம் சொல்றது?" என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். "இப்ப அம்மா பேர்தானே இருக்குது?"

அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பூங்குழலி, தொண்டூர் கூட்ரோடு, ஆறு மணி. ரஞ்சித் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் படியிறங்கி ஓடினான்.

யார் மாற்றுகிறார்கள் என்று ஒரு மாசமாகக் காவல் காத்தவள், யார் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒரே ஒரு போன், பிரம்மி பேரைத் திருத்திய மத்தியானத்திலிருந்து, அதே பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருந்தது. கடைசியாகத் திறந்தது கொஞ்ச நேரம் முன்னால்தான். பிரம்மி உடனே பட்டியல் யார் கண்ணிலும் படாதபடி மூடினாள். மூடின கையோடு தாண்டவராயன் போன் அடித்தார், ஆப்பில் ஒருத்தர் பேரும் தெரியவில்லை, பொம்பளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டுப் பூங்குழலியின் நம்பரைப் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, நடந்துகொண்டிருக்கிறாள் போல.

"பூங்குழலிங்களா? நான் ரஞ்சித்தோட மேடம் பேசறேன். கூட்ரோட்டுக்குப் போகாதீங்க. வீட்டுக்குத் திரும்பிடுங்க."

"இந்த நம்பரு உனுக்கு யாரு குடுத்தா?"

"வேன் லிஸ்ட்ல இருந்துதான் எடுத்தேன்."

"அவரும் அத்தப் பாத்துதான் எடுத்தாரு." குரல் நடுங்கியது. "இப்ப பொம்பளைய வச்சிப் பேச சொல்றாரா?"

அதோடு போன் அணைந்துவிட்டது. மறுபடி மறுபடி போட்டாள், போகவில்லை. அம்மாவின் அழைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பிரம்மி மூடிய பட்டியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரஞ்சித் கூப்பிட்டபோது வெளியே பொழுது மசங்கத் தொடங்கியிருந்தது.

"அக்கா வூட்லதான் இருக்குது மேடம். மாமா கூட்ரோட்ல பைக்கோட நிக்கிறாரு. எங்க ஆளுங்க போயிருக்காங்க." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டான். "பாதி தூரம் போயிடுச்சாம். யாரோ பொம்பள பேசினதும், மாமா செட் பண்ண ஆளுன்னு பயந்து திரும்பி ஓடியாந்து கதவ சாத்திக்கிச்சு."

"நான்தான்னு சொன்னியா?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்குது." தயங்கினான். "அந்தப் பொம்பளகிட்ட ஜாக்கிரதையா இருடான்னு எனக்கே சொல்லுது."

பிரம்மி லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"சரியாத்தான் சொல்றாங்க," என்றாள்.